மர ஸ்டாக் ரைஃபிளுக்கு பில்லர் பெட்டிங் செய்யலாமா?

கேள்வி இது: மர ஸ்டாக் (தோளிலும் கையிலும் தாங்கும் கட்டை) போட்ட போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். வறண்ட பருவத்தில் ஸ்கோப்பின் குறியைச் சரிசெய்து (ஜீரோ செய்து) வைத்தால் மழைக்காலத்தில் குறி நகர்ந்துவிடுகிறது. ஆக்‌ஷன் திருகுகளை, அதாவது பேரலும் போல்ட்டும் பொருந்தியிருக்கும் ஆக்‌ஷன் என்ற உலோகப் பாகத்தை ஸ்டாக்கோடு பிடிக்கும் திருகுகளை, இறுக்கினாலும் கொஞ்ச நாளில் தளர்ந்துபோகின்றன. பில்லர் பெட்டிங் செய்தால் சரியாகுமா, துல்லியம் கூடுமா, வீட்டிலேயே செய்ய முடியுமா?

குறி நகர்வதற்கும் திருகு தளர்வதற்கும் பில்லர் பெட்டிங் நேரடியான மருந்து. துல்லியம் கூடுமா என்பதற்குத்தான் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். பில்லர் என்பது திருகுத் துளைக்குள் நிற்கும் ஓர் உலோகக் குழாய். அது குரூப்பை, அதாவது குண்டுகள் விழும் கொத்தின் அகலத்தை, சுருக்குவதில்லை. திருகின் இறுக்கத்தை மாறாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். குரூப் சுருங்கினால், அது ஆக்‌ஷனுக்கு அடியில் இடும் எபாக்சிப் படுக்கை ஆக்‌ஷனை வளைக்காமல் ஏந்துவதால் வருவது. இரண்டையும் ஒரே மூச்சில் செய்வதால் ஒரே பெயரில் கலந்துவிட்டன. பிரித்துப் பார்த்தால் எந்த இடத்தில் பொறுமை வேண்டும், எந்த இடத்தில் அலட்டிக்கொள்ள வேண்டாம் என்பது புரியும்.

முதலில் மரம் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஈரம் ஏறினால் மரம் நாரின் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. நாருக்குக் குறுக்காகத்தான் உப்புகிறது. ஆக்‌ஷனுக்கும் கீழேயுள்ள ட்ரிக்கர் கார்டுக்கும் நடுவில் அகப்பட்டிருக்கும் மரம் சரியாக அந்தக் குறுக்குத் திசையில் இருக்கிறது. வால்நட் மரத்தில் ஈரப்பதம் 1 சதவீதம் மாறினால் குறுக்களவு சுமார் 0.2 சதவீதம் மாறும். நடுவில் 20 மி.மீ. மரம், இரண்டு பருவங்களுக்கும் இடையே ஈரப்பதத்தில் 5 சதவீத வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் 0.2 மி.மீ. வருகிறது. கேட்கச் சின்ன எண்தான். ஆனால் ரெமிங்டன் 700 போன்ற ரைஃபிள்களில் இருக்கும் கால் அங்குலத் திருகில் அங்குலத்துக்கு 28 மரை. ஒரு முழுச் சுற்றுக்குத் திருகு நகரும் தூரம் 0.9 மி.மீ. மட்டுமே. அதாவது மரம் 0.2 மி.மீ. உப்பினாலோ சுருங்கினாலோ, யாரும் தொடாமலே திருகு கிட்டத்தட்டக் கால் சுற்று இறுகியோ தளர்ந்தோ போனதற்குச் சமம். உங்கள் குறி பருவத்தோடு நகர்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது மரம் நசுங்குவது. உலோகத்தில் உட்காரும் ஆக்‌ஷனுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் இறுக்கம் 65 அங்குல-பவுண்டு, அதாவது சுமார் 7.3 நியூட்டன் மீட்டர். கால் அங்குலத் திருகில் இந்த இறுக்கம் ஏறக்குறைய 5,700 நியூட்டன் இழுவிசையைத் தரும். கிட்டத்தட்ட 580 கிலோ எடையைத் தொங்கவிட்டது போல. ட்ரிக்கர் கார்டின் முன்பகுதி மரத்தைத் தொடும் பரப்பு 500 சதுர மி.மீ. என்று வைத்தால் மரத்தின் மேல் 11 மெகாபாஸ்கல் அழுத்தம் விழுகிறது. கறுப்பு வால்நட் நாருக்குக் குறுக்காக 7 மெகாபாஸ்கல் வரைதான் மீண்டெழும். அதற்கு மேல் போனால் நசுங்கியது நசுங்கியதுதான். அதனால்தான் வெறும் மர ஸ்டாக்குக்கு 35 முதல் 45 அங்குல-பவுண்டோடு நிறுத்தச் சொல்கிறார்கள். தளர்ந்த திருகை ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் இறுக்குகிறோம், மரம் இன்னும் கொஞ்சம் நசுங்குகிறது, திருகு மறுபடி தளர்கிறது. இந்தச் சுற்றுக்கு முடிவே இல்லை.

பில்லர் வந்தால் அதே விசை உலோகத்தின் மேல் போய்விடும். வெளிவிட்டம் 14 மி.மீ.க்குச் சற்று மேல், உள்துளை 7 மி.மீ. உள்ள ஒரு வழக்கமான அலுமினியக் குழாயில் அழுத்தம் சுமார் 48 மெகாபாஸ்கல். 6061-டி6 அலுமினியம் 270 மெகாபாஸ்கல் வரை வளையாமல் தாங்கும் என்பதால் கவலையே இல்லை. வெப்பத்தால் விரியாதா என்றால், விரியும். 20 மி.மீ. நீளக் குழாய் 30 டிகிரி சூடேறினால் 0.014 மி.மீ. நீளும், கூடவே எஃகுத் திருகும் அதில் பாதியளவு நீளும். மிச்சம் 0.007 மி.மீ. மரம் போடும் ஆட்டத்துக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை.

இந்த யோசனை புதிதும் இல்லை. 1898-ஆம் ஆண்டின் மவுசர் ரைஃபிளிலேயே பின்திருகைச் சுற்றி ஓர் எஃகுக் குழாய் (புஷ்) இருந்தது. மரம் எவ்வளவு தொல்லை தரும் என்பதை அமெரிக்க மரைன் படை வியட்நாமில் நேராகப் பார்த்தது: 1966-இல் ஏற்றுக்கொண்ட எம்40 ரைஃபிளின் மர ஸ்டாக்குகள் அங்கிருந்த ஈரத்தில் உப்பி முறுக்கிக்கொண்டன. எழுபதுகளில் வந்த எம்40ஏ1-இல் ஸ்டாக்கைக் கண்ணாடியிழைக்கு மாற்றிவிட்டார்கள்.

சரி, ட்ரில்லைக் கையில் எடுப்பதற்கு முன் குற்றவாளி பெட்டிங்தானா என்று பாருங்கள். ஸ்கோப் மவுண்டில் ஒரு திருகு தளர்ந்திருந்தாலும் இதே மாதிரி குறி அலையும். அதைச் சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும். குழல் வாயின் விளிம்பான கிரவுனில் கீறலோ நசுங்கலோ இருக்கிறதா பாருங்கள். குண்டுகள் இலக்குத்தாளில் இரண்டு தனித்தனிக் கொத்துகளாக விழுந்தால், ஆக்‌ஷன் ஸ்டாக்குக்குள் இரண்டு இடங்களில் மாறி மாறி உட்காருகிறது என்று சந்தேகிக்கலாம். பேரல் சூடாக ஆகக் குறி ஒரே பக்கமாக நகர்ந்தால் பேரல் ஸ்டாக்கை எங்கோ தொடுகிறது. ஒழுங்கே இல்லாமல் நாலா பக்கமும் சிதறினால் பெட்டிங்கைக் கடைசியில் சந்தேகியுங்கள். ஸ்கோப், தோட்டா, சுடுபவர் எல்லாம் அதற்கு முன் வரிசையில் நிற்கிறார்கள்.

இன்னும் நம்பகமான சோதனைக்கு, நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் ஒரு டயல் கேஜ் வேண்டும். காந்த அடியை பேரலில் ஒட்டி, கேஜின் முனை முன்கட்டையின் (பேரலுக்கு அடியில் இருக்கும் ஸ்டாக்கின் முன்பகுதி) நுனியைத் தொடும்படி வையுங்கள். இரண்டு திருகுகளும் இறுகியிருக்கட்டும். முன்திருகை மெதுவாகத் தளர்த்தி முள் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். மறுபடி இறுக்கிவிட்டுப் பின்திருகைத் தளர்த்துங்கள். 0.05 மி.மீ.க்குள் இருந்தால் படுக்கை நன்றாக இருக்கிறது, அதைத் தொடவே வேண்டாம். 0.12 மி.மீ.யைத் தாண்டினால் திருகை இறுக்கும்போதெல்லாம் ஆக்‌ஷன் வில்லாக வளைகிறது என்று பொருள். இந்த எண்ணை எழுதி வையுங்கள். வேலை முடிந்தபின் இதே சோதனைதான் உங்களுக்கு மதிப்பெண் போடும். இலக்குத்தாளையும் சாட்சிக்கு வைத்துக்கொள்ள விரும்பினால் மூன்று குண்டு குரூப்பை நம்ப வேண்டாம். முன்னும் பின்னும் குறைந்தது நாலைந்து தடவை, ஐந்தைந்து குண்டாக, ஒரே தோட்டாவில் சுட்டு ஒப்பிடுங்கள். மூன்று குண்டுகள் அதிர்ஷ்டத்தால்கூட ஒரே துளையில் விழும்.

வீட்டில் செய்யலாமா என்றால், நேராகத் துளையிடத் தெரிந்தவர் செய்யலாம். ட்ரில் பிரஸ் இல்லாமல் கையால் பிடித்துத் துளைக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பழைய ராணுவ ரைஃபிள், அசல் ஸ்டாக்கோடு இருக்கும் அரிய மாடல் என்றால் அதில் கை வைக்காதீர்கள். சேகரிப்பவர்களிடம் அதன் மதிப்பே போய்விடும். ருகர் 77 போல முன்திருகு சாய்வாக நிற்கும் ரைஃபிளும் முதல் முயற்சிக்கு ஏற்றதல்ல.

பில்லரை வாங்கவும் செய்யலாம், லேத்தில் கடைந்துகொள்ளவும் செய்யலாம். அலுமினியம், எஃகு, பித்தளை எல்லாம் சரிதான். எந்த உலோகம் என்று மணிக்கணக்கில் விவாதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு முனைகளும் அச்சுக்குச் செங்குத்தாக வெட்டப்பட்டிருக்கின்றனவா என்பது அதைவிட நூறு மடங்கு முக்கியம். வெளிப்பக்கத்தில் வரிவரியாகப் பள்ளம் இருந்தால் எபாக்சி பிடித்துக்கொள்ளும். ரெமிங்டன் 700 போல அடிப்பாகம் உருண்டையான ஆக்‌ஷனுக்குப் பில்லரின் மேல்முனையை அதே வளைவில் குடைந்திருக்க வேண்டும். தட்டையான முனையில் உருண்டை உட்கார்ந்தால் தொடுவது ஒரு கோடு மட்டுமே. மவுசர், வின்செஸ்டர் 70 போன்ற தட்டை அடி ஆக்‌ஷன்களில் இந்தத் தலைவலி இல்லை.

எபாக்சி விஷயத்தில் ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையைத் தொடாதீர்கள். வேகமாக இறுகும்போது சூடாகும், வேலை செய்ய நேரமும் தராது. எஃகுத் தூளோ வேறு நிரப்பியோ கலந்த, மெதுவாக இறுகும் வகை வேண்டும். சுருக்கம் குறைவு, அமுக்கத்தையும் தாங்கும். மரைன்-டெக்ஸ், டெவ்கான் பிளாஸ்டிக் ஸ்டீல், அக்ராகிளாஸ் ஜெல் ஆகியவை இந்த வேலையில் நெடுங்காலமாகப் பழகியவை. என் தேர்வு முதல் இரண்டும்தான். வெண்ணெய்ப் பதத்தில் இருப்பதால் வைத்த இடத்தில் நிற்கும். நீர்த்த எபாக்சி போக வேண்டாத ஓட்டைகளில் எல்லாம் போய் நிற்கும்.

பில்லரை ஒட்டுவதையும் படுக்கை இடுவதையும் ஒரே நாளில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கை பழகியவர்களுக்கு அது நேரம் மிச்சம். முதல்முறை செய்பவருக்கு நான் இரண்டு கட்டமாகத்தான் சொல்வேன், ஏனென்றால் முதல் கட்டத்தில் என்ன தவறினாலும் இரண்டாம் கட்டத்தில் திருத்திக்கொள்ளலாம்.

முதல் வேலை, ரைஃபிளின் தோட்டா அறையில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொள்வது. போல்ட், மேகசின், ட்ரிக்கர், ஸ்கோப் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். அப்புறம் திருகுத் துளைகள் இருக்கும் இடத்தில் மரத்தின் கனத்தை, அதாவது ஆக்‌ஷன் உட்காரும் மட்டத்திலிருந்து ட்ரிக்கர் கார்டு உட்காரும் மட்டம் வரை, காலிப்பரால் அளந்து எழுதுங்கள். துளையிட்ட பிறகு அளக்க அங்கே மரம் இருக்காது. பில்லரின் நீளம் இந்த அளவுதான். இதைக் கூட்டினாலும் குறைத்தாலும் மேகசின் பெட்டியிலும் திருகின் நீளத்திலும் வம்பு வரும். அதைப் பிறகு சொல்கிறேன்.

துளையைப் பழைய துளையின் மையத்திலேயே, பில்லரைவிட அரை மி.மீ. பெரிதாக இடுங்கள். ஸ்டாக்கை ட்ரில் பிரஸ்ஸின் மேசையில் மட்டமாகக் கட்ட நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். முழு வேலையிலும் அவசரம் கூடாத இடம் இதுதான். ட்ரில் வெளியேறும் பக்கத்தில் மரத்துண்டை முட்டுக்கொடுத்தால் சில்லு பெயராது. பின்னுதைப்பை ஸ்டாக்குக்குக் கடத்தும் முனையான ரீகாயில் லக் உட்காரும் பள்ளத்துக்கும் முன்திருகுத் துளைக்கும் நடுவில் மரம் மெல்லியதாக இருக்கும். அங்கே மெதுவாக இறக்குங்கள்.

இப்போது தலையில்லாத நீளத் திருகுகள் இரண்டு வேண்டும். நீளமான திருகை வாங்கித் தலையை அறுத்தாலே போதும். இவற்றை ஆக்‌ஷனில் கையால் முடுக்கி, பில்லர் வரும் உயரத்தில் டேப் சுற்றுங்கள். பில்லரின் உள்துளையில் திருகு ஆடாமல் நடுவில் நிற்கும் அளவுக்கு. பில்லர்களை இந்தத் திருகுகளில் கோத்து ஆக்‌ஷனோடு சேர்த்து நிறுத்துங்கள். ஆக்‌ஷன், திருகுகள், ட்ரிக்கர் கார்டு எல்லாவற்றுக்கும் மெழுகு பூசியாயிற்றா என்று பார்த்துவிட்டு, துளையின் சுவரிலும் பில்லரின் வெளிப்பக்கத்திலும் எபாக்சி தடவி, ஆக்‌ஷனை ஸ்டாக்கில் வழக்கமான இடத்தில் இறக்குங்கள். கீழே ட்ரிக்கர் கார்டை வைத்து லேசாகப் பிடித்தால் பில்லர் தானாகவே இரண்டு மட்டங்களுக்கும் நடுவில் சரியாக நிற்கும். ஒரு நாள் முழுக்க இறுகட்டும்.

இரண்டாம் கட்டம்தான் உண்மையான பெட்டிங். ஆக்‌ஷனின் முன்வளையம் உட்காரும் இடத்திலும் பின்னால் அதன் வால்பகுதியான டாங் உட்காரும் இடத்திலும் 2 மி.மீ. அளவுக்கு மரத்தை உளியாலும் சுழல் கருவியாலும் எடுத்துவிடுங்கள். பில்லர்களின் தலையைத் தொட வேண்டாம். இனி உயரத்தைக் காட்டுவது அவைதான். மேல் விளிம்பில் மெல்லிய கரையாக மரத்தை விட்டுவைத்தால் வெளியே எபாக்சிக் கோடு தெரியாது. பளபளப்பான மரத்தில் எபாக்சி சரியாகப் பிடிக்காது, சொரசொரப்பாக்கி, எண்ணெய் ஊறியிருந்தால் அசிட்டோனால் துடைத்து உலரவிடுங்கள்.

ரீகாயில் லக்கின் முன்முகம், இரண்டு பக்கங்கள், அடி ஆகியவற்றில் கால் மி.மீ. கனத்துக்கு டேப் ஒட்டுங்கள். பின்முகத்தில் மட்டும் டேப் கூடாது. சுடும்போது பின்னுதைப்பை ஸ்டாக்குக்குக் கடத்துவது அந்தப் பின்முகம். அது முழுப் பரப்பிலும் எபாக்சியோடு ஒட்டி உட்கார வேண்டும். மற்ற பக்கங்களில் இடைவெளி இருந்தால்தான் ஆக்‌ஷன் எளிதாக ஏறி இறங்கும், லக் அடியில் இடித்துக்கொண்டு ஆக்‌ஷனைத் தூக்காது.

பலரும் பயப்படுவது ஆக்‌ஷன் எபாக்சியில் மாட்டிக்கொண்டு வராமல் போவதற்குத்தான். அது பெரும்பாலும் பசையால் நடப்பதில்லை, பூட்டால் நடக்கிறது. ட்ரிக்கர் ஊசித் துளை, போல்ட் நிறுத்தியின் இடுக்கு, மேகசின் வாயின் விளிம்பு என்று எபாக்சி உள்ளே புகுந்து கல்லாகி நின்றால் எந்த மெழுகும் காப்பாற்றாது. ஆகவே ஒவ்வோர் ஓட்டையையும் இடுக்கையும் குழந்தைகள் பொம்மை செய்யும் களிமண்ணால் அடைத்து, மட்டமாக வழித்துவிடுங்கள். அதன்பின் எபாக்சி ஒட்டாமல் தடுக்கும் ரிலீஸ் ஏஜென்டை இரண்டு பூச்சாகப் பூசுங்கள். நிறமில்லாத ஷூ மெழுகுகூட நன்றாகவே வேலை செய்யும். எபாக்சி போகாது என்று நீங்கள் நினைக்கும் இடங்களிலும் பூசுங்கள், அங்கேயும் போகும். திருகின் மரைகளை மறக்க வேண்டாம்.

பேரலின் முன்பகுதியில், முன்கட்டை நுனிக்கு நேராக, டேப்பைப் பல சுற்று சுற்றி அது பள்ளத்தின் நடுவில், சரியான உயரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். பின்னால் பில்லர்கள், முன்னால் இந்த டேப். ஆக்‌ஷன் இவற்றின் மேல் எந்த வளைவும் இல்லாமல் மிதக்க வேண்டும்.

எபாக்சியைக் கலந்து, காற்றுக் குமிழி வராதபடி லக் பள்ளத்தின் மூலைகளிலிருந்து தொடங்கி இடுங்கள். தலையில்லாத திருகுகள் வழிகாட்ட, ஆக்‌ஷனை நேராக இறக்குங்கள். இங்கேதான் பெரும்பாலானவர்களின் வேலை கெடுகிறது: ஆக்‌ஷன் திருகை முழு இறுக்கத்துக்கு முடுக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் வளைந்த நிலையிலேயே ஆக்‌ஷனுக்கு அச்சு எடுத்ததாகிவிடும். எதைப் போக்க இந்த வேலையில் இறங்கினோமோ அதையே கல்லாக்கி வைத்தது போல. ஆக்‌ஷனின் எடையும், மேலே நாலைந்து சுற்று ரப்பர் பட்டையோ டேப்போ தரும் பிடிப்பும் போதும். பில்லரின் தலையைத் தொடும்வரை கையால் மெதுவாக அமுக்கி, பட்டையைச் சுற்றி, விட்டுவிடுங்கள்.

பிதுங்கி வருவதை உடனே வழித்து, பஞ்சுக்குச்சியை வினிகரில் நனைத்துத் துடைக்கலாம். பிறகு 20 முதல் 25 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள். கலந்த பாத்திரத்தில் மிச்சம் இருப்பதை நகத்தால் குத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். அது கல்லாகும் வரை ரைஃபிளில் கை வைக்க வேண்டாம். பிரிக்கும்போது வராமல் அடம்பிடித்தால் சில மணி நேரம் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் வைத்து, பேரலை ரப்பர் சுத்தியால் லேசாகத் தட்டினால் பெரும்பாலும் டக்கென்று விடும். பக்கவாட்டில் நெம்பாதீர்கள், நேராக மேலேதான் வர வேண்டும்.

உள்ளே பார்த்தால் சில குமிழிகள் தெரியும். கடுகளவு குமிழிகளால் ஒன்றும் கெட்டுவிடாது. லக்கின் பின்முகத்துக்கு எதிரிலோ பில்லரைச் சுற்றியோ பெரிய பள்ளம் இருந்தால் மட்டும் மறுபடி கொஞ்சம் எபாக்சி வைத்து நிரப்புங்கள்.

பில்லரின் தலை உலோகத்தை நேராகத் தொட வேண்டுமா, மேலே மெல்லிய எபாக்சிப் படலம் இருக்க வேண்டுமா என்று இரண்டு கட்சிகள் உண்டு. நேராகத் தொடுவதுதான் எனக்குப் பிடிக்கும். காலப்போக்கில் எதுவும் அமுங்காது, உயரம் தெரிந்த அளவாக நிற்கும். ஆனால் உருண்டை ஆக்‌ஷனில் பில்லரின் வளைவு சரியாகப் பொருந்தவில்லை என்றால் படலம்தான் நல்லது. பொருந்தாத உலோகத்தைவிட முழுதாகப் பொருந்திய எபாக்சி மேல்.

இனிச் சரிபார்க்க வேண்டியவை. திருகு பில்லரின் உள்சுவரைத் தொடக் கூடாது. தொட்டால் பின்னுதைப்பை லக்குக்குப் பதில் திருகு வாங்கும், குறியும் அலையும். உள்துளையை 7 மி.மீ. ட்ரில்லால் ஒருமுறை சுத்தம் செய்துவிடுங்கள். அடுத்து மேகசின் பெட்டி. திருகுகள் முழுதாக இறுகியபின்பும் பெட்டி மேலும் கீழும் கொஞ்சம் ஆட வேண்டும். அது ஆக்‌ஷனுக்கும் ட்ரிக்கர் கார்டுக்கும் நடுவில் நெருக்கப்பட்டால், நீங்கள் போட்ட பில்லர் சும்மா நிற்கிறது, பாரத்தைப் பெட்டி சுமக்கிறது என்று அர்த்தம். பெட்டியின் விளிம்பை அரத்தால் கொஞ்சம் எடுக்க வேண்டும். முன்திருகின் நீளமும் முக்கியம். ரெமிங்டன் 700 போன்றவற்றில் அது நீளமாகிவிட்டால் நுனி மேலே போய் போல்ட்டைப் பூட்டும் முனையில் (அதுவும் லக்தான்) இடிக்கும். போல்ட்டைப் போட்டுத் திறந்து மூடிப் பாருங்கள். திருகு இறுகியதும் போல்ட் கனமாக நகர்ந்தால் காரணம் இதுதான். திருகைக் குறையுங்கள், போல்ட்டைத் தொடாதீர்கள்.

பூட்டும்போது ரைஃபிளை ஸ்டாக்கின் பின்முனை தரையில் இருக்க நிமிர்த்தி வையுங்கள். ஆக்‌ஷன் பின்னால் சரிந்து லக் தன் இடத்தில் உட்காரும். முன்திருகு முதலில், பின்திருகு அடுத்து, இரண்டு மூன்று தவணையாக. மவுசர் வழி வந்த சில மாடல்களில் நடுவில் மூன்றாவது திருகு இருக்கும். அதற்குப் படுக்கையே இருக்காது, இறுக்கினால் ஆக்‌ஷன் நடுவில் தொய்யும். விழாமல் இருக்கும் அளவு முடுக்கினால் போதும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை முதலில் 45 அங்குல-பவுண்டுக்கு வைத்து டயல் கேஜ் சோதனையைச் செய்யுங்கள், பிறகு 65-இல் செய்யுங்கள். இரண்டிலும் முள் ஏறக்குறைய அசையாமல் நின்றால் வேலை நன்றாக வந்திருக்கிறது. ட்ரிக்கர் கார்டு மெல்லிய அலுமினியம் அல்லது பிளாஸ்டிக் என்றால் 65-க்குப் போகாதீர்கள். தயாரிப்பாளர் சொன்ன அளவே மேல்வரம்பு.

பேரலை ஸ்டாக்கைத் தொடாமல் முழுதாக மிதக்கவிட வேண்டுமா என்பது அடுத்து வரும் கேள்வி. கனமான பேரலுக்கு லக்குக்கு முன்னால் 3 முதல் 5 செ.மீ. வரை படுக்கை கொடுக்கலாம், அதற்கப்பால் ஒரு காகிதம் தடையில்லாமல் ஓடும் இடைவெளி வேண்டும். மெல்லிய வேட்டை பேரல்களில் சில, முன்கட்டையின் நுனி கொஞ்சம் மேல்நோக்கி அழுத்தும்போதுதான் நன்றாகச் சுடும். தொழிற்சாலையிலேயே அப்படி ஒரு மேடு வைத்து அனுப்பியிருப்பார்கள். அதைச் சீவித் தள்ளுவதற்கு முன், பெட்டிங் வேலை தொடங்குவதற்கும் முன்பே, ஆக்‌ஷனுக்கு அடியில் தடித்த அட்டைத் துண்டுகளை வைத்து பேரலைத் தற்காலிகமாகத் தூக்கிச் சுட்டுப் பாருங்கள். மரத்தை எடுத்துவிட்டால் திரும்ப வைக்க முடியாது. ஆனால் மர ஸ்டாக்கில் அந்த மேடும் ஈரத்தோடு உப்பும் என்பதை நினைவில் வையுங்கள். பருவத்துக்குப் பருவம் குறி நகர்வதுதான் உங்கள் குறை என்பதால், உங்களுக்கு மிதக்கவிடுவதையே சொல்வேன்.

ஊசி அச்சில் வார்த்த மலிவான பிளாஸ்டிக் ஸ்டாக்குகளில் எபாக்சி ஒட்டவே ஒட்டாது. ஆங்காங்கே சிறு துளைகளிட்டு அதில் எபாக்சி வேர்போல இறங்கினால்தான் நிற்கும். உள்ளே அலுமினியப் படுக்கை வைத்தே வரும் ஸ்டாக்குக்குத் தனிப் பில்லர் தேவையில்லை.

பேரல் பள்ளம், மேகசின் குழி, கட்டையின் பின்னால் ரப்பர் தகட்டுக்கு உள்ளே தெரியும் வெட்டுமுகம் என்று பூச்சில்லாத வெறும் மரம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் வார்னிஷோ நீர்த்த எபாக்சியோ இரண்டு பூச்சு கொடுத்துவிடுங்கள். வெளியே கண்ணாடி போல மெருகிட்ட ஸ்டாக்குகள்கூட உள்ளே வெறும் மரமாக இருப்பதைப் பார்க்கலாம். ஈரம் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. பில்லர் திருகின் இறுக்கத்தைக் காக்கும். முன்கட்டை முறுக்கிக்கொண்டு போய் பேரலில் இடிப்பதை அது தடுக்காது.

முதல் இருபது குண்டுகளுக்குப் பிறகு டார்க் ரெஞ்சை வைத்துப் பாருங்கள், அப்புறம் பருவம் மாறும்போது ஒருமுறை. திருகு அதே அளவில் நிற்க வேண்டும். மறுபடி தளர்ந்திருந்தால் இறுக்கிவிட்டுப் போகாதீர்கள். ட்ரிக்கர் கார்டைக் கழற்றி, அதன் அடியில் பில்லரின் முனை பதிந்த வட்டத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். தடம் இல்லை என்றால் பில்லர் குட்டையாக இருக்கிறது, பாரம் இன்னும் மரத்தின் மேல்தான் இருக்கிறது. அந்த இடத்தில் மரத்தை மயிரிழையளவு எடுத்துவிட்டால் கார்டு பில்லரில் உட்கார்ந்துவிடும். மேகசின் பெட்டியின் ஆட்டத்தை மட்டும் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.